முகவரியற்ற சமாதானம்

ஆண்டுதோறும் செப்டெம்பர் 21ஆம் திகதி உலக சமாதான தினம் வருகின்றது. பதினொரு நாட்கள் கழிந்ததும் ஒக்டோபர் 2ஆம் திகதி சர்வதேச அகிம்சை தினம் வருகின்றது. இரண்டுக்கும் ஐக்கிய நாடுகள் சபையின் முத்திரை உண்டு. அரசாங்கங்களின் ஆசி உண்டு. மங்கல விளக்கு ஏற்றப்படும். வெண்புறா பறக்கவிடப்படும், புறா கிடைக்காத இடத்தில் அட்டையில் வெட்டிய புறா நூலிலே தொங்கும். பிரதம அதிதி சற்றுத் தாமதமாக வந்து, சமாதானம் முதலில் மனித மனங்களில் மலரவேண்டும் என்று கூறி, மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போவார். மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டியும் சித்திரப் போட்டியும் நடைபெறும். எல்லாம் முடிந்தபின் ஒரேயொரு கேள்வி மாத்திரம் கேட்கப்படாமல் எஞ்சி நிற்கும்: சமாதானம் வேண்டும் என்கிறீர்களே, யாரிடம் வேண்டுகிறீர்கள்?

வேண்டுதல் என்று ஒன்று இருந்தால் வேண்டப்படுபவரும் இருத்தல் வேண்டும். அவசரத்துக்குக் கைமாற்றுக் கேட்கப் புறப்படுகிறவன்கூட எந்த வீட்டுப் படலையைத் தட்டுவது என்று தெரிந்துகொண்டே புறப்படுகிறான். நமது சமாதான தினத்துக்கு அந்தத் தெளிவும் இல்லை. அது வானத்தை நோக்கிப் பேசுகின்றது. மனித குலத்தை நோக்கிப் பேசுகின்றது. மனச்சாட்சியை நோக்கிப் பேசுகின்றது. பாதுகாப்பு அமைச்சை நோக்கி அது பேசுவதில்லை. முகவரி எழுதப்படாத கடிதம் எவர் கையிலும் கிடைக்காது. ஆகவே எவரையும் சினமூட்டாது. கொன்றவரும் கொல்லக் கொடுத்தவரும், ஆயுதம் விற்றவரும் அதை வாங்கியவரும் ஒரே மேடையில் அமர்ந்து கொண்டாடக்கூடிய விழாவாக இது விளங்குவதன் இரகசியம் இதுதான்.

இந்த வழக்கை நியூயோர்க்கிலிருந்து தொடங்கலாம். வந்தாறுமூலையிலிருந்து தொடங்குவதே நேர்மை என்று எனக்குப் படுகின்றது.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, ஏறாவூரையும் செங்கலடியையும் கடந்து வாழைச்சேனைக்குச் செல்லும் வீதியில் உள்ளது வந்தாறுமூலை. வயலும் வாவியும் சூழ்ந்த ஊர். இங்கிருந்த மத்திய மகா வித்தியாலய வளாகத்திலேதான் 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அதே 1981ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபை, கொஸ்தாரிக்கா முன்வைத்த தீர்மானத்தை ஏற்று, உலக சமாதான தினத்தைப் பிரகடனம் செய்தது. அவ்வாண்டு மே மாத இறுதி நாளிரவு தொடங்கிய வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து சாம்பராயிற்று. வடக்கே நூல்கள் எரிந்த ஆண்டில் கிழக்கே ஒரு கலாசாலை பிறந்தது. உலகத்துக்கு ஒரு சமாதான தினமும் பிறந்தது. மூன்றையும் ஒருங்கே நோக்கும் பழக்கம் நம்மிடையே வரவில்லை.

தொடக்கத்தில் இத்தினம் செப்டெம்பர் மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை, பொதுச்சபையின் கூட்டத்தொடர் ஆரம்பிக்கும் நாளில், அனுட்டிக்கப்பட்டு வந்தது. 1954இல் யப்பான் மக்கள் பல நாட்டு நாணயங்களை உருக்கி வார்த்து அளித்த மணியொன்று ஐ.நா. தலைமையகத்து முற்றத்தில் உண்டு. அன்று அது ஒலிக்கும். 2001 செப்டெம்பர் 7ஆம் திகதி நிறைவேறிய தீர்மானம் 21ஆம் திகதியை நிலையான நாளாக்கி, அதனை உலகளாவிய போர்நிறுத்தத்துக்கும் அகிம்சைக்கும் உரிய தினம் என்றது. அத்தீர்மானத்தின் மை உலர்ந்து ஒரு மாதம் முடியும் நாளில், ஒக்டோபர் 7ஆம் திகதி, ஆப்கானிஸ்தான்மீது குண்டுகள் விழத் தொடங்கின. உலகெங்கும் போர்க்கருவிகளுக்கும் படைகளுக்கும் 2024இல் செலவிடப்பட்ட தொகை 2,718 பில்லியன் டொலர் என்று ஸ்டொக்ஹோம் சமாதான ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மணி ஒலித்துக்கொண்டேயிருக்கிறது, கணக்கும் ஏறிக்கொண்டேயிருக்கிறது.

இனி 1990. அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டது. கிழக்கிலே விடுதலைப் புலிகள் பொலிஸ் நிலையங்களைக் கைப்பற்றி, சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றனர். அதற்குப் பின் படையினர் ஊர் ஊராக முன்னேறினர். சுற்றுப்புறத்துக் கிராமங்களின் மக்கள் பல்லாயிரவர் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு பல்கலைக்கழக வளாகத்தில் வந்து நிறைந்தனர். வகுப்பறைகள் அகதிகளின் இருப்பிடமாயின. விரிவுரையாளர்கள் சிலர் முகாம் நடத்துநராய் மாறினர். கற்றறிந்தோர் இருக்கும் இடம். அரசாங்கத்தின் பெயர்ப்பலகை தொங்கும் இடம். இங்கே கை வைக்கமாட்டார்கள் என்பது அம்மக்களின் நம்பிக்கை.

செப்டெம்பர் 5ஆம் திகதி, புதன்கிழமை, இராணுவம் வளாகத்துள் நுழைந்தது. ஆண்கள் வயது வாரியாக வரிசைகளில் நிறுத்தப்பட்டனர். முகம் மறைத்த தலையாட்டிகளுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடத்தப்பட்டனர். தலை அசைந்தால் ஆள் ஒதுக்கப்பட்டான். அன்று கொண்டு செல்லப்பட்டோர் 158 பேர். ஒருவரும் திரும்பவில்லை.

தலையாட்டி என்ற சொல்லைப் பற்றித் தமிழாசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பிறர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவனை, அல்லது தஞ்சாவூர்ப் பொம்மையை, நினைவூட்டும் சிரிப்புக்குரிய சொல்லாகவே அது இருந்து வந்தது. நம் வடக்கிலும் கிழக்கிலும் அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் ஒரு தலைமுறைக்கு வயிறு கலங்கும். சாக்கின் இரு துவாரங்களூடாகப் பார்க்கும் கண்கள். ஒரு சிறு அசைவு. அவ்வளவில் ஒரு குடும்பம் முடிந்தது. சொற்பொருள் மாற்றம் என்று இலக்கண வகுப்பில் உதாரணம் தேடுவோர் இதனையும் குறித்துக்கொள்ளலாம்.

அவ்வாண்டின் உலக சமாதான தினம், மூன்றாவது செவ்வாய் என்ற பழைய கணக்கின்படி, செப்டெம்பர் 18. அதாவது 158 பேர் கொண்டு செல்லப்பட்டுப் பதின்மூன்றாம் நாள். அன்று நியூயோர்க்கில் பொதுச்சபை கூடிற்று. இங்கே தாய்மாரும் மனைவிமாரும் இராணுவ முகாம்களின் வாசலில் நின்றுகொண்டிருந்தனர். ஐந்து நாள் கழித்து, செப்டெம்பர் 23ஆம் திகதி, அதே வளாகத்திலிருந்து மேலும் 16 பேர் கொண்டு செல்லப்பட்டனர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே, செப்டெம்பர் 9ஆம் திகதி இரவு, சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி ஆகிய கிராமங்களின் மக்கள் 184 பேர் கொன்றொழிக்கப்பட்டனர். கைக்குழந்தைகளும் அதில் அடக்கம். உயிர் தப்பியவர் ஒருவரே.

இவையெல்லாம் வதந்திகளல்ல. 1994இல் நியமிக்கப்பட்டு, பாலகிட்ணர் தலைமையில் வடக்குக் கிழக்கில் காணாமற்போனோர் பற்றி விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு சாட்சியங்களைக் கேட்டது, 158 பேர் வளாகத்திலிருந்து கொண்டு செல்லப்பட்டதைப் பதிவு செய்தது, அறிக்கை எழுதியது. அரசாங்கமே நியமித்த குழு, அரசாங்கத்தின் தாளிலே எழுதிய அறிக்கை அது. அதன்பின் ஆட்சிகள் மாறின. ஆணைக்குழுக்கள் மேலும் பல வந்தன. 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறியது. வலிந்து காணாமலாக்குதலுக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையும் அதே ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இந்த 158 பேருக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. கொண்டு போனது யார், எங்கே கொண்டு போனார்கள், எங்கே புதைத்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையில்லை. உறவினர்கள் செப்டெம்பர் 5ஆம் திகதி கூடி விளக்கேற்றுகிறார்கள். ஆண்டுதோறும் அக்கூட்டத்தில் முதியோரின் தொகை குறைகிறது. கேள்வி கேட்பவர்கள் ஒவ்வொருவராக மறைந்தால் கேள்வியும் தானே மறைந்துவிடும் என்ற அரச தந்திரத்துக்குப் பெரிய அறிவு வேண்டியதில்லை, பொறுமை இருந்தாற் போதும்.

செப்டெம்பர் 5ஐ வாயில் வைத்துக்கொண்டு, பதினாறு நாள் கழித்து அதே ஊரில் புறா பறக்கவிடுவது எத்தகைய காரியம் என்பதை ஆசிரிய நண்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும். சமாதானத்தைப் பற்றி மாணவனைக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். அவனுடைய பெரியப்பனையோ மாமனையோ பற்றி அக்கட்டுரையில் எழுதினால் பரிசு கிடைக்காது, விடயத்துக்குப் புறம்பானது என்று புள்ளி குறையும் என்பதை அவனும் அறிவான். ஆகவே அவன் மலர்களைப் பற்றியும் கீழ்வானத்தைப் பற்றியும் எழுதுகிறான். பொய் எழுதப் பழக்கும் முதற்பாடம் இவ்வாறு சமாதானத்தின் பெயரால் நடக்கிறது.

நிற்க. 158 பெயர்களை உரத்துப் படிப்பவர்கள் மற்றைய பெயர்களைக் கேட்டதும் செவிட்டுக் காதைத் திருப்புவார்களாயின், அதுவும் இன்னொரு வகை அட்டைப்புறாவே. அதே 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 11ஆம் திகதி நள்ளிரவை ஒட்டி, ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள், பெண்களும் பிள்ளைகளும் உட்பட, வீடு வீடாகக் கொல்லப்பட்டனர். ஏறாவூர் வந்தாறுமூலைக்குச் சில மைல் தெற்கேதான் இருக்கிறது. அதே வாவிக்காற்று, அதே வீதி, அதே சந்தை. இக்கொலைகளைப் புலிகள் மறுத்தனர். உயிர் தப்பியோரின் சாட்சியத்துக்கு முன் அம்மறுப்பு நிற்கவில்லை. தமிழன் செய்தது என்பதற்காக நம் முற்போக்காளர் பலரும் அன்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பேச்சுப் பேசினர். எதிரிக்கு ஆயுதம் கொடுத்துவிடுவோமோ என்று அஞ்சினார்களாம். அந்த மௌனத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவன் எதிரியே. தமிழ் உழவனும் முஸ்லிம் வணிகனும் ஒருவனையொருவன் நம்பாத கிழக்கு மாகாணத்தைக் காட்டிலும் ஆளும் வர்க்கத்துக்கு வாய்ப்பான மாகாணம் எது?

ஓகஸ்ட் 3இலிருந்து செப்டெம்பர் 23 வரை, ஐம்பத்திரண்டு நாட்கள். மட்டக்களப்பின் உண்மையான சமாதான தினம் இந்த நாட்களுக்குள்ளேதான் எங்கோ கிடக்கிறது. அதனைத் தேடியெடுக்கத் தமிழருக்குத் தனி நாட்காட்டி, முஸ்லிம்களுக்குத் தனி நாட்காட்டி என்றிருக்கும் வரை, ஐ.நா.வின் நாட்காட்டியே இருவருக்கும் வசதியாக இருக்கும். ஏனெனில் அதில் எவருடைய பெயரும் இல்லை.

நம் அரசு சமாதானத்தை உலகுக்கு ஏற்றுமதி செய்வதில் கைதேர்ந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1971 ஒக்டோபரில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க பொதுச்சபையில் தோன்றி, இந்து சமுத்திரம் சமாதான வலயமாக வேண்டுமென்று கோரினார். டிசம்பர் 16ஆம் திகதி அக்கோரிக்கை தீர்மானமாக நிறைவேறியது. கோரிக்கை நியாயமானது, வல்லரசுகளின் போர்க்கப்பல்களுக்கு இக்கடலில் என்ன வேலை? ஆனால் அதே ஆண்டு ஏப்ரிலில், தென்னிலங்கையில் கிளர்ந்தெழுந்த சிங்கள வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டிருந்தனர். சமுத்திரத்துக்குச் சமாதானம் கேட்ட அரசின் ஆறுகளில் பிணங்கள் மிதந்தன. அவ்வரசில் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்டுக் கட்சியும் அமைச்சுப் பதவிகளில் வீற்றிருந்தன என்பதை இடதுசாரி வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. 1987 முதல் 1989 வரை தெற்கிலே மறுபடியும் அதே கதை, பன்மடங்காக. வீதியோரங்களில் ரயர் போட்டு எரித்த உடல்கள். வந்தாறுமூலைக்கு வந்த கை, மாத்தறையிலும் அம்பாந்தோட்டையிலும் பழகிக் கைதேர்ந்து வந்த கை. அந்தச் சிங்களத் தாயும் இந்தத் தமிழ்த் தாயும் ஒரே வாசலில் நிற்கவேண்டியவர்கள். அவர்களை வெவ்வேறு வாசல்களில் நிறுத்தி வைத்திருப்பதற்குப் பெயர்தான் இனவாத அரசியல்.

அகிம்சை தினத்தின் கதை இன்னும் விசித்திரமானது. இந்திய அரசு முன்வைத்து, நூற்று நாற்பது நாடுகள் உடனொப்பமிட, 2007 ஜூன் 15ஆம் திகதி பொதுச்சபை காந்தியடிகளின் பிறந்த நாளைச் சர்வதேச அகிம்சை தினமாக ஏற்றது. அந்த ஜூன் மாதத்தில் மட்டக்களப்பு எப்படியிருந்தது? வாகரை அவ்வாண்டு தொடக்கத்திலேயே வீழ்ந்திருந்தது. படுவான்கரை மக்கள் எறிகணைகளுக்குத் தப்பி வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்து கூடாரங்களில் கிடந்தனர். ஜூலை 11ஆம் திகதி தொப்பிகல கைப்பற்றப்பட்டது. அதனைக் கொழும்பு அரச விழாவாகக் கொண்டாடியது. அவ்வாண்டு நவம்பரில், ஐ.நா.வின் நீலத் தொப்பியணிந்து சமாதானம் காக்க ஹெயிட்டிக்குச் சென்ற இலங்கைப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாலியல் குற்றச்சாட்டின் பேரில் திருப்பியனுப்பப்பட்டனர். இத்தனைக்கும் நடுவே முதலாவது அகிம்சை தினம் வந்து போயிற்று.

முன்மொழிந்த நாட்டின் கணக்கொன்றும் மட்டக்களப்பில் தீராமல் இருக்கிறது. 1988 மார்ச் 19ஆம் திகதி, அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலய முன்றலில், அன்னையர் முன்னணியைச் சேர்ந்த பூபதி என்ற தாய் உண்ணாவிரதம் இருந்தார். போரை நிறுத்து, பேச்சு நடத்து என்பவையே கோரிக்கைகள். கோரப்பட்டது காந்தி பிறந்த நாட்டின் அரசு. ஏனெனில் அன்று மட்டக்களப்பில் துவக்கோடு நின்றது இந்திய அமைதி காக்கும் படை. பெயரைக் கவனியுங்கள்: அமைதி காக்கும் படை. ஏப்ரில் 19ஆம் திகதி அத்தாயின் உயிர் பிரிந்தது. கோரிக்கைகள் நிறைவேறவில்லை. அவர் இறந்தபின் அவரைத் தன் சின்னமாக்கிக்கொண்ட இயக்கம், உயிரோடிருக்கும் தாய்மார் தன்னிடம் கேள்வி கேட்பதை விரும்பியதில்லை என்பதும் உண்மையே. ஆயினும் அது டில்லியின் பொறுப்பைக் குறைக்காது. ஒக்டோபர் 2ஐ உலகுக்குப் பரிசளித்தவர்கள், ஏப்ரில் 19க்கு என்ன பெயர் வைப்பார்கள்?

அகிம்சையைத் தமிழர் பயின்றதில்லை என்று கூறும் மேதாவிகள் சிலர் கொழும்பில் உண்டு. 1956 ஜூன் 5ஆம் திகதி காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகிகள் அடித்து விரட்டப்பட்டதையும், அம்மாதமே கல்லோயாவில் தமிழர் கொல்லப்பட்டதையும் அவர்கள் படிக்கவில்லை போலும். 1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கியது. சில நாட்களில் மட்டக்களப்புக் கச்சேரியின் வாசலிலும் மக்கள் அமர்ந்தனர். முஸ்லிம்களும் அவர்களோடு அமர்ந்தனர். வாரக்கணக்கில் அரச இயந்திரம் நின்றது. ஏப்ரிலில் தமிழரசுக் கட்சி தபால் முத்திரை வெளியிட்டதும் அவசரகாலச் சட்டம் வந்தது, இராணுவம் வந்தது, தலைவர்கள் பனாகொடை முகாமில் அடைக்கப்பட்டனர். தலைமையின் வர்க்கக் குணத்தைப் பற்றி நமக்கு எத்தனையோ விமரிசனம் உண்டு. தோட்டத் தொழிலாளியைப் பற்றியும் ஒடுக்கப்பட்ட சாதியினரைப் பற்றியும் அத்தலைமை எவ்வளவு அக்கறை கொண்டிருந்தது என்பது தனியே எழுதவேண்டிய விடயம். ஆனால் அமர்ந்திருந்த மக்களின் கையில் கல்கூட இல்லை. அவர்களுக்குக் கிடைத்த விடை துவக்கு. அந்த விடையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளே பின்னர் துவக்கைத் தேடினார்கள். அகிம்சையைக் கொன்றவன், வன்முறை பிறந்துவிட்டதே என்று கண்ணீர் வடிக்கிறான். அக்கண்ணீரை நம் பாடப்புத்தகம் பக்குவமாகப் போத்தலில் அடைத்து வைக்கிறது.

காந்தியின் அகிம்சைக்காவது முகவரி இருந்தது. 1930இல் அவர் தண்டிக்கு நடந்தது மனித குலத்தின் உள்ளத்தை உருக்குவதற்காக மட்டுமன்று. உப்பு வரி என்ற ஒரு சட்டத்தை, அதை விதித்த ஓர் அரசின் கண்முன்னே மீறுவதற்காக. யாழ்ப்பாணத்துக்கு எதிர்க்கரையான வேதாரணியத்துக்கு இராசகோபாலாச்சாரியார் தலைமையில் நடந்தவர்களும் அதே சட்டத்தை மீறியே சிறை சென்றனர். அகிம்சை அவர்களுக்குச் சட்டமறுப்பு. இன்று அத்தினத்தைக் கொண்டாடுவோர் அதற்குக் கீழ்ப்படிதல் என்று பொருள் கூறுகின்றனர். காந்தியத்தின் வர்க்க எல்லைகளை நாம் அறிவோம். ஆயினும் அவர் பெயரால் நடக்கும் இப்பித்தலாட்டத்தை அவர்மீது சுமத்துவது நியாயமன்று.

நம் பக்கத்துச் சமாதான இயக்கமும் அவ்வாறே ஒரு முகவரியோடு பிறந்ததுதான். 1950 மார்ச்சில் வெளிவந்த ஸ்டொக்ஹோம் வேண்டுகோள் மனங்களை மலரச் சொல்லவில்லை. அணுகுண்டைத் தடைசெய், முதலில் அதனைப் பிரயோகிக்கும் அரசைப் போர்க் குற்றவாளியாகக் கருது: இவ்வளவே அதன் சாரம். கோடிக்கணக்கான மக்கள் கையொப்பமிட்டனர். கையொப்பம் வாங்கச் சென்றவர்களைப் பல நாடுகளில் பொலிசார் துரத்தினர். பிக்காஸோ 1949இல் வரைந்து கொடுத்த புறா அன்று ஆபத்தான பறவை. அதனைச் சுவரில் ஒட்டியவன் வேலையிழக்கவும் கூடும். அவ்வியக்கம் ஒரு முகாமின் குண்டுகளைக் கண்டு மற்ற முகாமின் குண்டுகளைக் காணாதிருந்தது என்ற குற்றச்சாட்டில் உண்மையுண்டு. 1956இல் ஹங்கேரியில் அதன் குரல் தடுமாறியது. ஆனால் எதைக் கோருகிறோம், யாரிடம் கோருகிறோம் என்ற தெளிவு அதற்கு இருந்தது. இன்று அப்புறா எல்லோர் வீட்டுக் கூண்டிலும் வாழ்கிறது.

எது ஆபத்தானது, எது ஆபத்தற்றது என்பதை அரசைப்போல் அறிந்தவர் இல்லை. 2020 செப்டெம்பரில், நல்லூரில் உண்ணாவிரதமிருந்து இறந்த திலீபனின் நினைவைத் தடைசெய்யும் கட்டளையைப் பொலிசார் யாழ்ப்பாண நீதிமன்றத்தில் பெற்றனர். சமாதான தினத்தைத் தடைசெய்யக் கோரி எந்தப் பொலிஸ் நிலையமும் நீதிமன்றப் படியேறக் காணோம்.

வந்தாறுமூலைக்கே திரும்புவோம். அதற்கு அடுத்த ஊர் சித்தாண்டி. 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி, சமாதான தினத்துக்கு ஆறு நாள் முன்னதாக, மாட்டுப் பண்ணையாளர்கள் அங்கே வீதியோரத்தில் அமர்ந்தனர். மயிலத்தமடு, மாதவனை ஆகியவை தலைமுறை தலைமுறையாக அவர்களின் மேய்ச்சல் தரை. மகாவலி அபிவிருத்தியின் பெயரால் வெளியிலிருந்து வந்தோர் அத்தரையை உழுது பயிரிட்டனர். மாடுகள் சுடப்பட்டன, வெட்டப்பட்டன. பாலை விற்று வாழும் மக்கள் கல்லெடுக்கவில்லை. பதாகை எழுதி, கொட்டகை போட்டு, நாட்களை எண்ணிக்கொண்டு அமர்ந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக நவம்பர் 5ஆம் திகதி ஊர்வலத்தில் சென்ற கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் அறுவரைப் பொலிசார் கைது செய்தனர். அகிம்சை தினம் கழிந்து அப்போது ஐந்து வாரங்கூட ஆகவில்லை.

எவ்வளவு தெளிவான பாடம்! அகிம்சையைப் பற்றி மேடையிற் பேசும் மாணவனுக்குச் சான்றிதழ். அதனை வீதியிற் செய்யும் மாணவனுக்கு விலங்கு. மேய்ச்சல் தரையும் வயலும் வாவியும் யாருக்கு என்ற கேள்வியைத் தொடாத சமாதானத்தை அரசு விரும்புகிறது. நிலத்தைப் பறிகொடுத்தவன் அமைதியாக இருத்தலே அதன் அகராதியில் சமாதானம். பறித்தவனிடம் அந்த அமைதி கோரப்படுவதில்லை.

அறிவாளிகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு என்று நம்புவோருக்காக இன்னுமொன்று. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தர் பேராசிரியர் எஸ். ரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15ஆம் திகதி கொழும்பில், உயர் பாதுகாப்பு வலயத்துள் நடந்த கூட்டமொன்றுக்குச் சென்றார். திரும்பவில்லை. 1990இல் வளாகத்தில் அடைக்கலம் புகுந்த கூலித் தொழிலாளிக்கு நேர்ந்த கதியே, பதினாறு ஆண்டுகளின் பின் அவ்வளாகத்தின் தலைமகனுக்கும் நேர்ந்தது. முதலாவதற்கு விடை கிடைத்திருந்தால் இரண்டாவது நிகழ்ந்திருக்குமா?

ஆகவே செப்டெம்பர் 21ஐக் கைவிடும்படி நான் கூறவில்லை. உலகம் தந்த நாளை ஏன் விட வேண்டும்? ஆனால் கிழக்கின் பாடசாலைகளிலும் இவ்வளாகத்திலும் அதனை அனுட்டிக்கும் முறையை மாற்றியாக வேண்டும். ஆணைக்குழு அறிக்கையின் பக்கங்களை மாணவர் மேடையிலே படிக்கட்டும். 158 பெயரும், 16 பெயரும், சத்துருக்கொண்டானின் 184 பெயரும், காத்தான்குடிப் பெயர்களும், ஏறாவூர்ப் பெயர்களும் ஒரே மூச்சில், ஒரே மண்டபத்தில் ஒலிக்கட்டும். தமிழ்ப் பெயர்களை ஏறாவூர் மாணவி படிக்கட்டும். முஸ்லிம் பெயர்களை வந்தாறுமூலை மாணவன் படிக்கட்டும். பொலிசார் குடும்பங்களின் சிங்களப் பெயர்களையும் விட்டுவிடவேண்டாம். படிக்க நேரம் பிடிக்கும். பிரதம அதிதிக்கு நேரம் போதாமற் போனால் அவர் போகலாம்.

பின்னர் ஒரு கடிதம் எழுதப்படட்டும். கொண்டு போனது யார், எங்கே கொண்டு போனீர்கள், எங்கே புதைத்தீர்கள், மேய்ச்சல் தரையை எப்போது திருப்பித் தருவீர்கள் என்ற கேள்விகள் மட்டும் அதில் இருந்தாற் போதும். மேலுறையில் முகவரிகள் தெளிவாக இருக்கட்டும்: சனாதிபதி செயலகம், கொழும்பு, பாதுகாப்பு அமைச்சு, சட்டமா அதிபர் திணைக்களம், காணாமற்போனோர் அலுவலகம், மகாவலி அதிகார சபை. பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையை வாங்கி வைத்துக்கொள்வோம். பதில் வராவிட்டால் அடுத்த செப்டெம்பரில், திகதியை மாத்திரம் மாற்றி, மீண்டும் அனுப்புவோம். சித்திரப் போட்டியை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.